பசி இல்லாத பாணர் எதற்கு வந்தார்? – இலக்கிய வகைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை மலைப்பகுதியிலிருந்து வந்தவை. அவற்றுள் பல முதுகலைத் தமிழ்ப் படிப்பைப் பற்றியவை. மலைக் கல்லூரி வகுப்பறைகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துவிட்டு இப்போது கொடைக்கானலில் ஓய்வில் இருக்கும் எனக்கு, இந்தக் கேள்விகளில் பலவும் என் மாணவர்கள் முன்பே கேட்டவைதாம். அவர்களுக்கு அப்போது நான் சொன்ன விடைகளில் சில போதாதவை என்பதையும் இவற்றைப் படிக்கும்போது உணர்கிறேன்.

அம்மா, நான் இளங்கலை முடித்து முதுகலைத் தமிழில் சேர்ந்திருக்கிறேன். புறநானூறு, கலம்பகம், நாவல், நாட்டுப்புறவியல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. எந்த வகைக்கு எத்தனை உறுப்பு, எதை யார் பாடினார் என்று மனப்பாடம் செய்கிறேன். இலக்கிய வகைகளை முதுகலை நிலையில் படிப்பது என்றால் இவ்வளவுதானா?
– வாசகி, பண்ணைக்காடு

இவ்வளவுதான் என்றால் அதற்கு இரண்டு ஆண்டு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் இரண்டு மாதமும் போதும். பல வகைப் பாட்டுகள் கலந்து வரும் கலம்பகத்துக்கு உறுப்பு பதினெட்டு என்பதை அறிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஓர் இலக்கிய வகை என்பது, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே முன்பே ஏற்பட்டிருக்கும் உடன்பாடு. இந்தப் பாட்டு தொடங்கினால் அடுத்து இன்னது வரும் என்று கேட்பவர் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றியோ மாற்றியோ மறுத்தோ புலவர் தாம் சொல்ல வந்ததைச் சொல்வார். அந்த எதிர்பார்ப்பு என்ன என்று கண்டுபிடித்து, புலவர் அதை என்ன செய்தார் என்று காட்டுவதே முதுகலை மாணவரின் வேலை என்று நான் கருதுகிறேன்.

உங்கள் மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவன் ஆவியர் குடியில் வந்தவன். அந்தக் குடியின் ஊராகிய பொதினிதான் இன்றைய பழனி. புறநானூற்றில் 141 முதல் 147 வரை ஏழு பாட்டுகள் அவனைப் பற்றியவை. முதல் இரண்டும் அவன் கொடையைப் புகழ்பவை. அடுத்த ஐந்தையும் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்) பிரிந்து வேறொருத்தியிடம் தங்கிவிட்டதால், அவளிடம் திரும்பிப் போகுமாறு அவனைக் கேட்பவை அவை. ஒரே அரசன், ஒரே செய்தி, நான்கு புலவர்கள். வகையைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் தமிழில் எனக்குக் கிடைத்ததில்லை.

கபிலர் 143ஆம் பாட்டை மலையிலிருந்து தொடங்குகிறார். மழை வேண்டும் என்று பலி தூவி வேண்டிய குறவர்களே, மழை மிகுந்தபின் ‘மாரி ஆன்று மழைமேக்கு உயர்க’ (மழை ஓய்ந்து மேகம் மேலே போகட்டும்) என்றும் கடவுளை வேண்டுகிறார்கள். மழை நின்ற மகிழ்ச்சியில் சாரற்புனத்துத் தினையை உண்கிறார்கள். ஐப்பசியில் பத்து நாள் தொடர்ந்து பெய்த மழைக்குப் பிறகு வெயில் முகம் காட்டும் காலைப்பொழுதில் பண்ணைக்காட்டில் நிற்கும் உங்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. அதன்பின் கபிலர், சுற்றம் பசித்ததால் உன் சீறூர் வாயிலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம், அப்போது ஒருத்தி குழல் இரங்குவதுபோல் அழுதாளே, இரங்கத்தக்க அவள் யார் என்று கேட்கிறார். மழை நின்றதைச் சொல்லும் ‘பெயல்கண் மாறிய’ என்ற தொடரையும், அவளைப் பற்றிய ‘கண்ணீர் நிறுத்தல் செல்லாள்’ என்ற தொடரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேண்டியதும் பெய்து, வேண்டியதும் நிற்கிற நாட்டில் ஒரு கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. கபிலர் இதை எங்கும் விளக்கவில்லை. ஒப்பீட்டை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

அடுத்து, பரணரின் 145ஆம் பாட்டு. பரிசில் பெற வரும் பாணன் முதலில் எதைச் சொல்வான் என்று அன்றைய அவையில் எல்லாருக்கும் தெரியும்: பசி, அவனை நம்பியிருக்கும் சுற்றம். கபிலர் பாட்டிலும் அது இருக்கிறது. பரணர் பேகனை மயிலுக்குப் படாம் ஈந்தவனே என்று முறைப்படி விளித்துவிட்டு, ‘பசித்தும் வாரேம், பாரமும் இலமே’ என்கிறார். பல ஆண்டுகளுக்கு முன், மன்னவனூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இந்த அடியில் என்னை நிறுத்தினாள். “அம்மா, பசியும் இல்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை என்றால் அந்தப் பாணர் எதற்கு வந்தார்?” என்று கேட்டாள். அதுவரை அந்த அடிக்குப் பொழிப்புரை மட்டும் சொல்லிக் கடந்துபோன எனக்கு, அந்தக் கேள்விதான் பாட்டைத் திறந்து காட்டியது. வகை எதிர்பார்க்கிற முதல் வாக்கியத்தையே பரணர் மறுக்கிறார். மறுத்தவுடன் அவையில் எல்லாரும் அவளைப் போலவே நிமிர்ந்திருப்பார்கள். பிறகு, களங்கனி போன்ற கரிய தண்டினை உடைய சிறிய யாழை மீட்டி நாங்கள் இரந்து கேட்கும் பரிசில் ஒன்றுதான்: இன்றிரவு தேரேறிச் சென்று, துன்பத்தோடு வாழ்கிற அவளுடைய ‘அரும்படர் களைமே’ (பெருந்துயரைப் போக்கு) என்று முடிக்கிறார். பரிசில் கேட்கும் பாட்டின் எலும்புக்கூட்டுக்குள் முற்றிலும் வேறோர் உயிர் குடியேறியிருக்கிறது.

இந்த ஐந்து பாட்டுகளின் அடியிலும் உள்ள குறிப்பைப் பாருங்கள். திணை பெருந்திணை, துறை குறுங்கலி என்று இருக்கும். திணை என்பது பாட்டின் பொருட்பிரிவு, துறை அதன் உட்பிரிவு. தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் ஒன்றாக, பொருந்தாக் காதலுக்கு உரியதாக வைத்த பெருந்திணை, புறப்பாட்டுத் தொகுப்பில் எப்படி வந்தது? திணையும் துறையும் வகுத்தவர்கள் இந்தப் பாட்டுகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தடுமாறியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்தத் தடுமாற்றத்தைப் பிழையென்று தள்ளாமல் சான்றாக எடுத்துக்கொண்டு ஒரு பருவக் கட்டுரை எழுதுங்கள். மனப்பாடம் தானே பின்னால் வரும்.

சிற்றிலக்கியங்கள் தொண்ணூற்றாறு என்கிறார்கள். பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையே?
– வாசகர், தாண்டிக்குடி

ஒத்துவராது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் வழங்கியவற்றைக் கணக்கிட்டன. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியிலும் தொண்ணூற்றாறு என்ற கணக்கு இடம்பெற்றிருக்கிறது. அந்த எண் நிலைத்துவிட்டது. புதுப்புது வகைகள் தோன்றிக்கொண்டே இருந்தன என்பதுதான் உண்மை. நடந்துசெல்லும் காவடி அடியார்களின் மெட்டை எடுத்து 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குச் சிந்து பாடியபோது அது எந்தப் பட்டியலுக்கும் காத்திருக்கவில்லை. தேர்வுக்கு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வில் அதை நம்ப வேண்டாம்.

வணக்கம் அம்மா. என் பாட்டி இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் இங்கு வந்து தேயிலை பறித்தவர். ஒப்பாரி நன்றாகப் பாடுவார். அதை முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுக்க விரும்பினேன். ‘அழுகையெல்லாம் இலக்கிய வகையா?’ என்று ஓர் ஆசிரியர் கேட்டுவிட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகி, பந்தலூர்

தொல்காப்பியச் செய்யுளியல் நூற்பா ஒன்றை நீங்கள் சொல்லியிருக்கலாம். யாப்பின் இடங்கள் ஏழு என்று அடுக்கும்போது தொல்காப்பியர் ‘பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே அங்கதம் முதுசொல்’ என்கிறார். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. பாட்டையும் நூலையும் வைத்த அதே வரிசையில் விடுகதையையும் பழமொழியையும் வைத்தவர் நம் முதல் இலக்கணி. வாயில் வழங்குவது இலக்கியம் ஆகாது என்ற எண்ணம் நமக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டியது.

அழுகைக்கும் நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: கையறுநிலை. பறம்பு மலையையும் தந்தையையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூறு 112 அந்தத் துறையைச் சேர்ந்தது. ஐந்தே அடிகள். அற்றைத் திங்களின் வெண்ணிலவில் ‘எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்’. இற்றைத் திங்களின் வெண்ணிலவில் குன்றையும் பிறர் கொண்டார், ‘யாம் எந்தையும் இலமே’. முதல் பாதியில் தந்தை முன்னும் குன்று பின்னும் நிற்க, இரண்டாம் பாதியில் குன்று முன்னும் தந்தை பின்னும் நிற்கிறார்கள். பாட்டு தந்தையில் தொடங்கித் தந்தை இல்லாமையில் முடிகிறது. அன்று இருந்தது, இன்று இல்லை என்று இணை இணையாக அடுக்கும் இந்த அமைப்பை உங்கள் பாட்டியின் ஒப்பாரியில் தேடுங்கள். கிடைக்கும் என்றே நம்புகிறேன். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அந்த எண்ணிக்கைக்குள் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறியவரின் பாட்டில் ‘குன்றும் கொண்டார்’ என்பதற்கு நிகரான இடம் இல்லாமலா போகும்?

ஒப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். இரண்டும் சோகம், இரண்டும் ஒன்று என்று முடிப்பது இளங்கலைக் கட்டுரை. பாரி மகளிர் பாட்டு ஏட்டில் வந்தது. பாட்டியின் பாட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. கட்டுவதற்கு அவரிடம் ஆயத்தமான தொடர்கள் இருக்கும். இதைத்தான் உங்கள் நீலகிரியில் எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் தோடர் பழங்குடியினரின் பாட்டுகளில் கண்டார். அவர் தொகுத்த பாட்டுகள் 1971இல் நூலாயின. தோடர் பாட்டு நிலையான சிறு தொடர்களால் ஆனது. அவை இணை இணையாகவே வருபவை. அதே மலையில் வாழும் படகர்களிடமும் இறுதிச் சடங்கில் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லிப் பொறுத்தருள வேண்டுகிற பாட்டு ஒன்று உண்டு. ஆக, சாவு வீட்டுப் பாட்டை வகை வகையாக ஒப்பிட நீலகிரியைவிட ஏற்ற இடம் இல்லை.

இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலில், சங்கப் பாட்டுகளிலும் இத்தகைய வாய்மொழித் தொடர்கள் இருப்பதைக் காட்டி அவற்றை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டார். பண்ணைக்காட்டு வாசகிக்குச் சொன்ன பேகன் பாட்டுகளிலேயே இதைக் காணலாம்: பரணரின் 141, 145 இரண்டிலும் ‘கடாஅ யானைக் கலிமான்’ என்ற அடைமொழி அப்படியே வருகிறது. 1975இல் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் வேறுவிதமாகச் சொன்னார்: இவை பாணர் பாடியவை அல்ல, பாணர் பாட்டின் மாதிரியில் புலவர்கள் செய்தவை என்பது அவர் வாதம். புலவராகிய பரணர் சிறுயாழ் ஏந்திய பாணராகப் பேசுவதைப் பார்க்கும்போது ஹார்ட் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. இருவரையும் படித்துவிட்டு, உங்கள் பாட்டியின் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பதிவு செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்று பெரியவர்கள் மறுப்பார்கள், வற்புறுத்தாதீர்கள். அந்த மறுப்பையே முதலில் எழுதி வையுங்கள், ஏனென்றால் இந்த வகைக்கு நேரமும் இடமும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை. அவரே வெளியே, வேறோர் இடத்தில் பாடச் சம்மதித்தால், எங்கே, எப்போது, யார் உடனிருக்கப் பாடினார், யாரை நினைத்துப் பாடினார் என்பதைக் குறியுங்கள். அது சாவு வீட்டில் பாடிய ஒப்பாரி ஆகாது, நினைவிலிருந்து பாடிக்காட்டியது என்பதையும் ஆய்வேட்டில் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லை அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். இலக்கணப்படி திருத்த வேண்டாம். பாடும்போது அவர் அழுதால் கருவியை நிறுத்திவிடுங்கள். ஆய்வேடு ஒரு நாள் தாமதமாகலாம்.

நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவன். நாவல், சிறுகதை ஆகியவை மேற்கிலிருந்து வந்தவை. அப்படியிருக்க அவற்றை மேற்கத்திய வகைமைக் கோட்பாடுகளைக் கொண்டு படிப்பதுதானே முறை? தமிழ் மரபை இழுப்பது வீண் பெருமை அல்லவா?
– வாசகர், கொடைக்கானல்

1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தைத் திறந்து பாருங்கள். வடிவம் புதியது, ஆனால் உள்ளே கதைக்குள் கதையும் நீதிக்கதையும் நகைச்சுவைத் துணுக்கும் நிறைந்திருக்கின்றன. ஐரோப்பிய நாவலின் அளவுகோலால் அளந்தால் கட்டுக்கோப்பில்லாத கதை என்று சொல்லத் தோன்றும். திண்ணையில் கதை கேட்டுப் பழகிய வாசகருக்காக எழுதப்பட்டது என்ற நினைப்போடு படித்தால், அந்தக் கிளைக்கதைகளுக்குக் காரணம் புரியும். இரண்டு அளவுகோலும் வேண்டும் என்பதே என் விடை.

கோட்பாட்டைக் கடன் வாங்குவதும் நமக்குப் புதிதல்ல. வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவிய தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் வகுத்தது. அதற்கு முன்பே எழுந்துவிட்ட சிலப்பதிகாரம் அதற்குள் அடங்குவதில்லை. முப்பது பகுதிகளுக்குள் கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை என்று நெய்தல், பாலை, முல்லை மக்களின் பாட்டும் கூத்தும் வருகின்றன; குன்றக்குரவையில் வேங்கை மர நிழலில் கண்ணகியைக் கண்ட குறவர்கள் அவளைத் தெய்வமாக்கிக் குரவை ஆடுகிறார்கள். இறுதிக்கு முந்திய வாழ்த்துக் காதையில் அம்மானையும் ஊசலும் வள்ளைப்பாட்டும் சேர்கின்றன. ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்று நூலின் முகவுரையாகிய பதிகமே இதற்குப் பெயர் சூட்டியது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் ‘இயலிசை நாடகப் பொருட்டொடர்நிலைச் செய்யுள்’ என்றார். இவை இரண்டும், கையிலிருந்த நூலைப் பார்த்து உருவாக்கிய பெயர்கள். நூலை முதலில் படித்து, அது கேட்கிற கோட்பாட்டைப் பிறகு தேடும் இந்த ஒழுங்கைத்தான் நான் மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன்; அது மேற்கிலிருந்து வந்தாலும் சரி, சேர நாட்டிலிருந்து வந்தாலும் சரி. நீங்கள் ஆங்கிலம் படித்தவர் என்பதால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் படகர் வாழ்வைப் பற்றி 1963இல் எழுதிய ‘குறிஞ்சித் தேன்’ நாவலை, திணைக் கோட்பாடு ஒரு கையிலும் நாவல் கோட்பாடு மறு கையிலுமாகப் படித்து எழுதுங்கள். அதை வாசிக்க நான் ஆவலாக இருப்பேன்.

என் மகள் முதுகலைத் தமிழ் படிக்கிறாள். பூண்டு விவசாயம் செய்து படிக்க வைக்கிறேன். இதற்கு வேலை உண்டா என்று சொல்லுங்கள் அம்மா.
– வாசகர், பூம்பாறை

கேட்க வேண்டிய கேள்வி, ஐயா. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடும், அதனுடன் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியோ அல்லது முனைவர் பட்டமோ வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. தேசியத் தேர்வு மூன்று மணி நேரத்தில் 150 வினா, 300 மதிப்பெண். முதல் தாள் எல்லாத் துறையினருக்கும் பொதுவானது. தமிழ் மாணவர்கள் தடுமாறுவது அதில்தான் என்பதால் இப்போதே பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணி என்றால் பி.எட். சேர்த்துப் படிக்க வேண்டும். எம்.ஃபில். பட்டத்தை 2022ஆம் ஆண்டு விதிகளோடு பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. யாராவது அதில் சேரச் சொன்னால் பணம் கட்ட வேண்டாம். பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பதை மறைக்க மாட்டேன்.

மலையில் இருந்துகொண்டு மூலநூல்களுக்கு எங்கே போவது? கைப்பேசியில் கிடைக்கும் பாடங்களை நம்பலாமா?
– வாசகி, கோத்தகிரி

படிப்பதற்கு நம்பலாம், மேற்கோளுக்கு நம்பாதீர்கள். தமிழ் நூல்களை இணையத்தில் தருவதற்கென 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பெரும்பாலான மூலங்கள் கிடைக்கும். ஆனால் தட்டச்சுப் பாடத்தில் பாடவேறுபாடும் பழைய உரையும் பெரும்பாலும் இருக்காது. புறநானூற்றுக்கு உ.வே.சாமிநாதையர் 1894இல் முதலில் பதிப்பித்த நூலின் பிற்பதிப்பு ஒன்றை அச்சுப்படமாகப் பதிவிறக்குங்கள். பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கு இருப்பதால் பேகன் பாட்டுகள் அதற்குள் வந்துவிடும். கூடவே ஔவை துரைசாமிப் பிள்ளை உரையையும் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் இல்லாத நூலுக்கு அங்கேயே எழுத்தில் வேண்டுகோள் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கோத்தகிரியில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே செப்டம்பர் மாதத்துக்குள் பதிவிறக்கி, வேண்டிய பக்கங்களைத் தாளில் எடுத்து வைத்துவிடுங்கள்.